ஸ்மார்ட் லைட் ஹப் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நண்பர் ஒருவர் புதிதாக வாங்கிய ஹப்பை (ஸ்மார்ட் பல்பு, சென்சார் எல்லாவற்றையும் ஆப்போடு இணைக்கும் பெட்டி) மாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஹப்பை எடுத்து நேராக ரவுட்டரின் தலையில் வைத்தார், சென்சாரை ஹப்புக்குப் பக்கத்திலேயே வைத்து இணைத்தார், அப்புறம் எழுந்து போய் ஸ்மார்ட் பல்பைச் சுவர் சுவிட்சில் 'டக்' என்று அணைத்தார். நான் வருடக்கணக்கில் செய்த தப்பெல்லாம் பத்தே நிமிடத்தில் வரிசையாக வந்து நின்றது.

பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பது, ஆப்பை அப்டேட் செய்யாமல் விடுவது மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன், அவை தானே தெரிந்துவிடும். கீழே வருவது பெரும்பாலும் ஜிக்பீ வகை ஹப்புக்கு, அதாவது பல்பு, சென்சாரோடு வைஃபையில் இல்லாமல் ஜிக்பீ என்ற தனி ரேடியோ முறையில் பேசும் ஹப்புக்கு.

சுவர் சுவிட்சை அணைப்பது

"அணைத்தால் ஆப்பில் பல்பு தெரியாது, அவ்வளவுதானே" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவ்வளவு இல்லை.

ஜிக்பீயில் மின் இணைப்பில் இருக்கும் பல்பு விளக்காக மட்டும் இருப்பதில்லை, தனக்கு வரும் தகவலை அடுத்தவருக்குக் கைமாற்றியும் விடுகிறது. பேட்டரியில் ஓடும் சென்சார், ரிமோட் எல்லாம் அப்படிக் கைமாற்றாது. பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பல்பையோ பிளக்கையோ பிடித்துக்கொண்டு, அதன் வழியாகத்தான் ஹப்போடு பேசும். அந்தப் பல்புக்கு மின்சாரம் போனால் சில சென்சார்கள் வேறு ஆளைத் தேடிக்கொள்ளும், சில பிடித்த கையை விடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

என்னிடம் இருந்தது அந்த இரண்டாவது வகை. மாடிப்படியில் ஓர் அசைவு சென்சார், ராத்திரி யாராவது ஏறினால் படி லைட் எரிய வேண்டும். பகலில் நல்லபடியாக வேலை செய்யும். ராத்திரி, அதாவது அது தேவைப்படும் ஒரே நேரத்தில், செத்துக் கிடக்கும். பேட்டரியை இரண்டு முறை மாற்றினேன். புது சென்சார் வாங்கினேன், அதுவும் அதே கதை. சரி, ஹப்தான் கோளாறு என்று முடிவு கட்டி அதே மாடலில் புது ஹப் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டூலில் ஏறி இறங்கி 17 பல்புகளையும் ஒவ்வொன்றாக ரீசெட் செய்து இணைத்து, ஆட்டோமேஷன் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினேன். அன்று ராத்திரி பத்தேகாலுக்குப் படியில் ஏறினால் இருட்டு.

மறுநாள் பத்து மணிக்கு ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா படுக்கப் போகும்போது நடையில் இருக்கும் பல்பைச் சுவிட்சில் அணைத்தார். கொஞ்ச நேரத்தில் சென்சார் காணாமல் போனது. காலையில் எழுந்து அவர் அதே சுவிட்சைப் போட்டதும் திரும்பி வந்தது.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது, அது சுவிட்ச், அணைக்கத்தான் செய்வார்கள். எரிச்சல் என் மேல்தான். அதோடு, இன்றைக்கும் "வீட்டில் எல்லோரிடமும் சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தாலும் வருகிறது. எத்தனை நாளைக்கு? சுவிட்ச் மேல் டேப் ஒட்டுவதும் விருந்தாளி வரும் வரைக்கும்தான்.

செய்ய வேண்டியது இது. ஆட்கள் அடிக்கடி கை வைக்கும் இடத்தில் ஸ்மார்ட் பல்பு வேண்டாம், சாதாரண பல்பை வைத்துவிட்டு ஸ்மார்ட் சுவிட்சோ, சுவிட்சுக்குப் பின்னால் போகும் ரிலே மாட்யூலோ போடுங்கள். வாங்குவதற்கு முன் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிடுங்கள், பல மாட்யூல்களுக்கு அது தேவை. நியூட்ரல் இல்லாமல் ஓடுபவை பெரும்பாலும் தகவலைக் கைமாற்றாது. நிறம் மாறும் பல்புதான் வேண்டும் என்றால் பழைய சுவிட்சை ஆனிலேயே விட்டு மூடிவிட்டு அதன் மேலேயே பேட்டரி ரிமோட் ஒன்றை ஒட்டுங்கள், கை பழகிய இடத்தில் அழுத்த ஏதாவது இருக்க வேண்டும். கூடவே, யாரும் கழற்றாத சாக்கெட்டாகப் பார்த்து ஒன்றிரண்டு ஸ்மார்ட் பிளக். கைமாற்றும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும்.

ஹப்பை ரவுட்டர் மேல் வைப்பது

ஜிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. ஜிக்பீ சேனல் ஒன்று 2 மெகாஹெர்ட்ஸ் அகலம், வைஃபை சேனல் குறைந்தது 20, யார் யாரை அமுக்குவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். வைஃபை 1, 6, 11 சேனல்களுக்கு நடுவில் விழும் இடைவெளியில்தான் ஜிக்பீ 15, 20 இருக்கின்றன, 25 அவற்றைத் தாண்டி இருக்கிறது. ரவுட்டரில் சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் ஒன்றில் நிறுத்தி, ஜிக்பீயை அதிலிருந்து தூரமாகப் போடுங்கள். இதை முதல் பல்பை இணைப்பதற்கு முன்பே செய்யுங்கள், சில ஹப்களில் பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் திரும்ப இணைக்க வேண்டி வரும்.

தனி ஹப்புக்குப் பதிலாகக் கணினியில் சொருகும் ஜிக்பீ யூஎஸ்பி டாங்கிள் வைத்திருப்பவர்கள் அதை நேராக யூஎஸ்பி 3 போர்ட்டில் சொருகாதீர்கள். அந்த போர்ட்டே 2.4இல் இரைச்சல் போடும். எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கித் தள்ளி வைத்தால் போதும்.

எல்லாவற்றையும் ஹப் பக்கத்தில் வைத்து இணைப்பது

பல்பு முதலில், சென்சார் கடைசியில், ஒவ்வொன்றும் அது இருக்கப்போகும் இடத்திலேயே. அங்கே பக்கத்தில் இருக்கும் பல்பைத்தான் சென்சார் பிடித்துக்கொள்ள வேண்டும்.

டிம்மர் சுவிட்சில் ஸ்மார்ட் பல்பு

வேண்டாம். மினுக்கும், ரீங்கரிக்கும், சீக்கிரம் போகும்.

'மேட்டர்' முத்திரையை மட்டும் பார்த்து வாங்குவது

வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் சேர்ந்து வேலை செய்வதற்கான பொதுத் தரமாக 2022இல் வந்த மேட்டர், வைஃபை, ஈதர்நெட், திரெட் (ஜிக்பீ மாதிரியே இன்னொரு ரேடியோ முறை) ஆகியவற்றின் மேல் ஓடுகிறது, ஜிக்பீ மேல் இல்லை. திரெட் பல்பை ஜிக்பீ மட்டும் தெரிந்த ஹப்பில் சேர்க்க முடியாது. பெட்டியில் முத்திரைக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதையும் படியுங்கள். நான் படிக்கவில்லை, இரண்டு பல்பு டிராயரில் கிடக்கிறது.

மின்சாரம் திரும்பி வருவதை மறப்பது

மின்சாரம் போய் நடுராத்திரி திரும்பினால், பல பல்புகள் முழு வெளிச்சத்தில் எரியும், படுக்கையறையிலும்தான். ஆப்பில் பவர்-ஆன் அமைப்பு இருந்தால் 'பழைய நிலை' என்று மாற்றிவிடுங்கள்.

பேக்கப்

ஹப்பில் இணைப்புகளையும் ஆட்டோமேஷனையும் நகலெடுத்து வைக்கும் வசதி இருந்தால் முதல் நாளே எடுங்கள். என் பழைய ஹப்பிலும் இருந்தது. பதினேழாவது பல்பையும் இணைத்து முடித்த பிறகுதான் அந்த மெனுவைப் பார்த்தேன்.