கைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது எப்படி

பிறந்த குழந்தைக்கென்று பிளாஸ்டிக் தொட்டி வாங்க வேண்டிய அவசியம் இல்லை. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றும் நம் வீட்டு முறையே போதும். அழுக்குத் தண்ணீர் தேங்காமல் வழிந்து ஓடிவிடும். வழுக்கினாலும் குழந்தை தண்ணீருக்குள் போகாது. முகம் உங்களைப் பார்த்தபடியே இருக்கும். ஆனால் இந்தக் குளியலோடு ஒட்டிக்கொண்டு வரும் சில வழக்கங்கள் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடக்கூடியவை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

முதல் குளியல்

பிறந்து 24 மணி நேரமாவது போகட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படலம் அழுக்கு அல்ல, தோலுக்குப் பாதுகாப்பு. அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். தொப்புள்கொடி காய்ந்து விழ ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். அதுவரை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டாலே போதும். கொடியில் தண்ணீர் பட்டுவிட்டால் பதற வேண்டாம், ஒற்றி எடுத்துக் காற்றாட விடுங்கள். மஞ்சள், விபூதி, எண்ணெய், பவுடர் எதுவும் அதன்மேல் வைக்கக் கூடாது. டயப்பரையோ லங்கோட்டையோ தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். சுற்றிலும் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்து வாடை அடித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குறைமாதக் குழந்தை, இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை என்றால், “இனிமேல் குளிப்பாட்டலாம்” என்று மருத்துவமனையில் சொல்லும்வரை துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த உடம்பில் சூட்டைத் தக்கவைக்கும் கொழுப்பு போதாது, சட்டென்று குளிர்ந்துவிடும்.

தினமும் குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்று இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று குளியல் போதும். நம் ஊர் வெயிலில், சோப்பு இல்லாமல் தினமும் ஊற்றினாலும் தப்பில்லை. மழை நாளிலும் காய்ச்சல் நாளிலும் முகம், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு மட்டும் துடைத்துவிடலாம்.

வெந்நீர் விளாவுதல்

குழந்தைக்கு வேண்டிய சூடு 37, 38 டிகிரி செல்சியஸ். பெரியவர்கள் “இதமா இருக்கு” என்று சொல்லும் வெந்நீர் அதைவிடச் சூடானது. கணக்கு எளிது: குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 28 டிகிரியில் இருக்கும் நாளில், 12 லிட்டருக்குக் கொதிநீர் 2 லிட்டர் சேர்த்தால் 38-ஐ ஒட்டி வரும். மார்கழியில் குழாய்த் தண்ணீரே 24 டிகிரிக்கு இறங்கிவிட்டால், அதே 2 லிட்டர் கொதிநீருக்கு 9 லிட்டர் போதும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் தானாகவே சுடும். அந்த நாளில் வெந்நீரே வேண்டாம், குழாயைத் திறந்து நேராகக் குழந்தைமேல் பிடிக்கவும் வேண்டாம்.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். கையை அடிவரை விட்டு நன்றாகக் கலக்குங்கள், இல்லாவிட்டால் சூடு மேலேயே நிற்கும். பதம் பார்க்க முழங்கையை முக்குங்கள். அடுப்படியில் பழகிய உள்ளங்கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முழங்கைக்குச் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருந்தால் சரி.

விளாவி முடித்ததும் வெந்நீர்ப் பாத்திரத்தைக் குளியலறையை விட்டு வெளியே வைத்துவிடுங்கள். தண்ணீர் ஆறிவிட்டதே என்று குழந்தை காலில் கிடக்கும்போது வெந்நீரை ஊற்றிக்கொள்வதில்தான் சூட்டுக் காயங்கள் நேர்கின்றன. ஹீட்டர் குழாயை நேராகத் திறந்துவிடுவதும் அப்படித்தான். முதலில் பச்சைத் தண்ணீராக வந்து, திடீரென்று கொதிக்கக் கொதிக்கக் கொட்டும். முகத்துக்கு மட்டும் தனியாக ஒரு சிறு கிண்ணத்தில் கொதிக்கவைத்து ஆறிய நீர் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்

தொப்புள் விழுந்த பிறகு தொடங்கலாம். சுத்தமான தேங்காய் எண்ணெய், ஒரு வேளைக்கு இரண்டு தேக்கரண்டி தாராளம். அடுப்பில் காய்ச்சத் தேவையில்லை, உள்ளங்கையில் தேய்த்தாலே சூடேறிவிடும். கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் பிஞ்சுத் தோலின் மேலடுக்கைக் கெடுப்பவை, தவிர்த்துவிடுங்கள். பத்து நிமிடம், மெதுவாக: காலிலிருந்து தொடங்கி, வயிற்றில் கடிகார முள் சுற்றும் திசையில் வட்டமாக, மார்பு, கை, கடைசியில் முதுகு. சப்பாத்தி மாவு பிசைகிற அழுத்தம் வேண்டாம். எலும்பு வலுப்பெறும் என்று மூட்டுகளை முறுக்குவதும், கையையும் எதிர்க் காலையும் இழுத்துச் சேர்ப்பதும் கூடாது.

தலையில் மஞ்சளாகச் செதில் படிந்திருந்தால், எண்ணெய் தடவி இருபது நிமிடம் ஊறவிட்டுக் குளிக்கும்போது மெல்லிய துணியால் துடைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும். நகத்தால் உரிக்கக் கூடாது. உச்சிக்குழியைத் தொட அஞ்ச வேண்டாம், சாதாரணமாகத் தடவலாம், கழுவலாம். அதில் எண்ணெயைத் தேக்கிவைப்பதால்தான் குழி மூடும் என்பது சரியல்ல. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்குள் அது தானாகவே மூடிக்கொள்ளும்.

காலில் போட்ட பிறகு

பால் குடித்து அரை மணிக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், பசியும் வந்திருக்கக் கூடாது. மின்விசிறி, ஏசி அணைத்து, கதவு ஜன்னலைச் சாத்துங்கள். வளையல், மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, நகம் வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரண்டு துண்டு, மாற்றுத் துணி, லங்கோடு எல்லாம் முன்கூட்டியே விரித்தபடி இருக்கட்டும். ஈரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துண்டு தேடுகிற இடைவெளியில்தான் அது நடுங்க ஆரம்பிக்கும்.

வழுக்காத தரையில், தாழ்ந்த மணையில், சுவரில் முதுகு சாய்த்து உட்காருங்கள். சிசேரியன் ஆன தாய் குனிந்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம், பாட்டியோ அப்பாவோ செய்யட்டும். கால்களைச் சேர்த்து நீட்டி, முழங்காலுக்குக் கீழே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவிய உடம்பு வெறுங்காலில் வழுக்கும், நனைந்த துணியில் நிற்கும். குழந்தையை மல்லாத்தி, தலை உங்கள் கணுக்கால் பக்கமும் கால் உங்களை நோக்கியும் இருக்கும்படி கிடத்துங்கள். நிமிர்ந்து நிற்கும் உங்கள் பாதங்கள் தலைக்கு அணையாக இருக்கும். அதை மட்டும் நம்பாமல், ஒரு கை எப்போதும் குழந்தைமேல் இருக்க வேண்டும்.

முதலில் முகம். கிண்ணத்து நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் கண்ணைத் துடையுங்கள். அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு. முகத்துக்குச் சோப்பு கிடையாது.

அடுத்து உடம்பு. சொம்பை உயரத்திலிருந்து கவிழ்க்காமல் தோலுக்கு அருகே பிடித்து, முதல் தண்ணீரைக் காலில் ஊற்றுங்கள். எடுத்த எடுப்பில் மார்பில் ஊற்றினால் திடுக்கிட்டு அழும். கழுத்து மடிப்பை விரலால் விலக்கிக் கழுவுங்கள். கசிந்த பால் அங்கே தேங்கிப் புளித்துச் செந்நிறமாகப் புண்ணாவது சாதாரணமாக நடப்பது. காதின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு, மூடிய உள்ளங்கைக்குள் சுருண்டிருக்கும் துணிநூல் எதையும் விடாதீர்கள். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாக மட்டுமே துடைக்க வேண்டும். முதல் வாரத்தில் கொஞ்சம் வெள்ளையோ துளி ரத்தமோ கசிந்தால், அது தாயின் ஹார்மோனால் வருவது. ஆண் குழந்தைக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவ வேண்டாம், அது இப்போது ஒட்டித்தான் இருக்கும்.

சோப்பு வாரம் இரண்டு மூன்று முறை போதும். குழந்தைகளுக்கான மென்மையான சோப்பை முதலில் உங்கள் கையில் குழைத்துத் தடவி உடனே கழுவிவிடுங்கள். கடலை மாவும் பயத்த மாவும் எண்ணெயை எடுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குறுணை பிஞ்சுத் தோலைக் கீறும், மடிப்புகளில் தங்கிவிடும், கண்ணிலும் போகும். பிறந்த சில நாட்களில் தோல் உரிந்துகொண்டிருக்கும்போது அதைப் போட்டுத் தேய்ப்பது இன்னும் மோசம்.

பிறகு குப்புறத் திருப்புங்கள். முகம் ஒரு பக்கமாகத் திரும்பி மூக்கும் வாயும் விலகியிருக்க வேண்டும். முதுகு முடிந்ததும், கடைசியாகத்தான் தலை. ஈரத் தலை வழியாக உடல்சூடு வேகமாக இறங்கிவிடும் என்பதால் இந்த வரிசை. இடது உள்ளங்கையை நெற்றியில் அணையாக வைத்து, உச்சியிலிருந்து பிடரியை நோக்கித் தண்ணீர் போகும்படி ஊற்றுங்கள், முகத்தில் ஒரு சொட்டும் வழியாது. கால் நனைந்ததிலிருந்து துண்டில் சுற்றும்வரை எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும்.

முதல் துண்டால் தலையை ஒற்றி, பிறகு உடம்பு. தேய்க்க வேண்டாம். ஈரத் துண்டைப் போட்டுவிட்டு இரண்டாவது துண்டில் சுற்றுங்கள். மடிப்புகளில் ஈரம் இல்லையா என்று பார்த்துத் துணி போட்டு, உடனே பால் கொடுங்கள். குளித்ததும் அசந்து தூங்குவது இயல்புதான். ஆனால் உள்ளங்காலும் வயிறும் சில்லென்று இருந்து, பால் குடிக்காமல் துவண்டு தூங்கினால் அது குளிர்ந்துபோன குழந்தை. துணியை விலக்கித் தாயின் வெறும் மார்போடு அணைத்துப் போர்த்துங்கள். சூடு ஏறாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்காமல் போக வேண்டும்.

கைவிட வேண்டியவை

மூக்கில் எண்ணெய் விடுவதுதான் இவற்றில் மிக மோசமானது. அது சளியைக் கரைக்காது. மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் இறங்கித் தங்கி நிமோனியாவை உண்டாக்கும். எண்ணெய்க்கு இருமல் சரியாக வராது என்பதால் உள்ளே போனதே வெளியே தெரியாது. காதிலும் விட வேண்டாம்.

கோழை எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுவது, வாய் வைத்து மூக்கை உறிஞ்சுவது, காதிலும் மூக்கிலும் ஊதுவது எல்லாம் பெரியவர் வாயிலுள்ள கிருமியைக் குழந்தைக்குக் கொடுப்பதில் முடியும். மூக்கடைப்புக்கு டாக்டரைக் கேட்டு உப்புநீர்ச் சொட்டு மருந்து போடலாம்.

பிறந்த குழந்தையின் மார்பு, ஆணானாலும் பெண்ணானாலும், லேசாக வீங்கிப் பால்போல் கசியக்கூடும். தாயின் ஹார்மோன் குறையக் குறையச் சில வாரங்களில் தானே வற்றிவிடும். “பால் எடுக்கணும்” என்று பிழிந்தால் சீழ்க்கட்டியாகி, அதைக் கீறி எடுக்க வேண்டி வரும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, உதறுவது இரண்டும் மூளையில் ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும்.

சாம்பிராணி வாசனை எல்லோருக்கும் பிடித்ததுதான். ஆனால் சின்ன நுரையீரலுக்கு அதுவும் புகைதான். தலை காய்வதற்குத் துண்டு போதும். வீட்டில் போட்டே தீருவார்கள் என்றால், குழந்தை இல்லாத அறையில் போட்டுப் புகை அடங்கிய பிறகு தூக்கி வாருங்கள். கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம், கடை மையில் ஈயம் இருக்கலாம், விரலிலிருந்து கிருமியும் போகும். திருஷ்டிப் பொட்டு வேண்டுமானால் உள்ளங்காலில் வையுங்கள். கை வாய்க்குப் போகும், கால் இப்போதைக்குப் போகாது. பவுடர் மூச்சில் ஏறும், மடிப்பில் கட்டியாகும். குளித்ததும் நாக்கில் தடவும் உரை மருந்தும் வசம்பும் ஆறு மாதம் முடியும்வரை வேண்டாம், தாய்ப்பால் மட்டுமே.

குளிப்பாட்ட ஆள் வைத்திருந்தால் இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. “நாப்பது வருஷமா பண்றேம்மா” என்று பதில் வரும். வாதாடாமல், “எண்ணெய் மூக்குல மட்டும் வேண்டாம்மா, டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க” என்று பழியை டாக்டர்மேல் போட்டுவிடுங்கள். மாமியாரிடமும் இதுதான் செல்லும். பக்கத்திலேயே நில்லுங்கள். குளிப்பாட்டுபவருக்குச் சளி இருமல் என்றால் அன்றைக்குக் குளியல் இல்லை.

குளிக்கும்போது கவனிக்க வேண்டியவை

உடம்பு முழுவதையும் வெளிச்சத்தில் பார்க்கக் கிடைக்கும் நேரம் இது. பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, எப்போதானாலும் உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் பரவினாலோ காலை வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இடுப்புக்குக் கீழே நீலமாகத் தெரியும் திட்டு அடிபட்டதல்ல, நம் ஊர்க் குழந்தைகள் பலருக்கு இருக்கும். எண்ணெயால் போகாது, வளர வளரத் தானே மங்கும்.

தடுப்பூசி போட்ட நாளிலும் குளிப்பாட்டலாம். 6, 10, 14 வாரங்களில் தொடையில் போடும் ஊசி இடத்தைத் தேய்க்கவோ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். பிறந்ததும் இடது தோளில் போட்ட பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்துச் சிறு கொப்புளமாகிச் சீழ் வைத்து ஆறும். அப்படித்தான் ஆக வேண்டும், மருந்தோ எண்ணெயோ தடவாமல் விட்டுவிடுங்கள்.

நாலைந்து மாதத்தில் காலில் கிடக்காமல் புரள ஆரம்பித்துவிடும். உட்காரப் பழகியதும் அகன்ற பேசினுக்கு மாற்றலாம். தண்ணீர் இடுப்பளவுக்கு மேல் வேண்டாம், அடியில் ஒரு துண்டு விரித்தால் வழுக்காது. அரை அடிக்கும் குறைவான தண்ணீரில்கூடச் சத்தமில்லாமல் மூழ்கிவிடும் வயது அது. காலிங் பெல் அடித்தால் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது அடிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். குளித்து முடிந்ததும் பேசினையும் வாளியையும் கவிழ்த்து வையுங்கள்.