நல்ல கருவைப் பூட்டி வைக்காதீர்கள்: முதல் சிறுகதை எழுதுபவர்களுக்கு

என் பழைய கொப்பியில் "பெத்தாவின் திறப்பு" என்று ஒரு வரி உண்டு. பெத்தா என்றால் எங்கள் பக்கத்தில் பாட்டி, திறப்பு என்றால் சாவி. என்றைக்காவது நாவல் எழுதுவேன், அதுவரை இதைத் தொடக்கூடாது என்று அடியில் இரண்டு கோடும் போட்டு வைத்திருந்தேன். அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு சிறுகதைகள் எழுதினேன். நல்லதை நாவலுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் எழுதிய கதைகள். வாசித்தவர்கள் "பரவாயில்லை" என்றார்கள். நாவல் வரவேயில்லை. பல வருடம் கழித்துக் கொப்பியைத் திறந்தால் வரி அப்படியே இருந்தது. அதை எழுத வைத்த நடுக்கம் போய்விட்டது. மீட்டெடுக்க மாதக்கணக்கானது. எழுதத் தொடங்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு அந்த வருடங்கள் வீணாகக்கூடாது.

படி 1: ஒளித்து வைத்ததை எடுங்கள்

மனதில் கிடக்கும் கதைக் கருக்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பத்து நிமிடம் போதும். "ஐயோ, இதை இப்போதே எழுதிவிட்டால் பிறகு என்னிடம் என்ன இருக்கும்?" என்று எதைப் பார்த்துப் பதறுகிறீர்களோ, அதுதான் இன்றைய கதை.

படி 2: கருவைக் காட்சியாக்குங்கள்

"சுனாமியில் வீட்டை இழந்த முதியவளின் ஏக்கம்." இது கரு. இப்படியே விட்டால் இரண்டு மாதத்தில் வெறும் தலைப்பாகிவிடும். கையில் தொடக்கூடிய ஒரு பொருளையும் அதைத் தொடும் ஒரு ஆளையும் தேடுங்கள். என் கதையில் அது இப்படி வந்தது (நாவலடி மட்டக்களப்பின் கடற்கரை ஊர், திராய்மடு சுனாமிக்குப் பிறகு அந்த ஊர்க்காரர் குடியேறிய இடம்):

"நாவலடியில் வீடு இருந்த இடத்தில் மணல்தான் கிடக்கிறது. அந்த வீட்டுத் திறப்பு திராய்மடுவில், சாமிப்படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. சனிக்கிழமைகளில் பெத்தா அதற்குத் தேங்காய் எண்ணெய் பூசித் துடைப்பாள்."

2004 டிசம்பர் 26 என்ற திகதியை எழுதவேயில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடியை அறிந்தவர்களுக்கு முதல் வரியே போதும். அறியாதவர்களுக்கு எண்ணெய் பூசும் கை சொல்லிவிடும்.

படி 3: அதை முதல் பக்கத்திலேயே வையுங்கள்

இதுதான் கடினமான படி. புதிதாக எழுதுபவர்கள் நல்ல காட்சியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு முற்றம் கூட்டுவது, தேத்தண்ணி போடுவது என்று மூன்று பக்கம் நடப்பார்கள். வாசகர் அதுவரை கூட வருவார் என்பதற்கு உறுதி இல்லை.

இரவிரவாக ஆடும் நம் மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை, வடமோடிக் கூத்தைப் பாருங்கள். விடியும்வரை நேரம் இருக்கிறதே என்று யாரும் ஆட்டத்தை மிச்சம் பிடிப்பதில்லை. அரசன் களரிக்குள், அதாவது ஆடுமிடத்துக்குள், நுழையும்போதே வரவாட்டம். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு முழுத் தாளக்கட்டோடு ஆடித்தான் அவன் தன்னை யாரென்று காட்டுகிறான். உங்கள் கதைக்கும் அப்படி ஒரு வரவு வேண்டும். 1,500 சொல் கதையென்றால் முதல் 200 சொல்லுக்குள் உங்கள் திறப்பு வெளியே வந்துவிடட்டும்.

படி 4: அப்புறம் என்ன என்று கேளுங்கள்

கடைசிக்கு வைத்திருந்ததை முதலிலேயே எழுதிவிட்டதால் இப்போது முடிவு இல்லை. பயப்பட வேண்டாம், நல்ல கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. எழுதியதைத் திரும்ப வாசித்து, அதிலிருக்கும் பொருளிடமே கேள்வி கேளுங்கள். அலை வந்த காலையில் எதையும் எடுக்க நேரமில்லாமல் ஓடியவளின் கையில் திறப்பு எப்படி வந்தது? இரண்டு நாள் இந்தக் கேள்வியோடு அலைந்தேன். மூன்றாம் நாள் விடை வந்தது. அது அவள் வீட்டுத் திறப்பே இல்லை. அயல்வீட்டுக்காரி முதல் நாள் மாலை கொடுத்து வைத்தது. முந்தானையில் முடிந்தபடி இருந்திருக்கிறது. திருப்பி வாங்க அவள் வரவேயில்லை.

கொப்பியில் பூட்டியிருந்த அத்தனை வருடமும் இந்த முடிவு எனக்குத் தெரியாது. எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை. கதைக்குப் பொருந்தாத காட்சியை, நல்லது என்பதற்காகத் திணிக்காதீர்கள். திறப்புக் கதைக்குள் எங்கள் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனையும் கொண்டுவர எனக்கு ஆசைதான். நிலா வெளிச்சத்தில் தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காது வைத்துக் கேட்கும் காட்சி. அது வேறு கதை. ஆனால் அதையும் அடுத்த கதையாகவே எழுதினேன், நாவலுக்கு ஒதுக்கவில்லை.

"சிறுகதையில் போட்டுவிட்டால் நாவலுக்கு உதவாதே" என்று கேட்பீர்கள். தாராளமாக உதவும். அமெரிக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1939 இல் வெளியிட்ட தன் முதல் நாவலை, அதற்கு முன் பத்திரிகையில் வந்த தன் சிறுகதைகளிலிருந்துதான் கட்டினார். எழுதி முடித்த கதையை விரிக்கலாம், உடைத்துச் சேர்க்கலாம்.

படி 5: உறை எடுத்து வையுங்கள்

நம் வீடுகளில் எருமைப்பால் உறைவது நேற்றைய தயிரில் எடுத்து வைத்த உறையில்தானே. அடுத்த கதைக்கும் அப்படி ஓர் உறை வேண்டும். கதை முடிந்த அன்றே, எழுதும்போது புதிதாக முளைத்து இந்தக் கதைக்குள் இடம் கிடைக்காதவற்றை மூன்று வரியில் குறித்துக்கொள்ளுங்கள். திறப்புக் கதை முடிந்த இரவு நான் எழுதிய வரி: "அயல்வீட்டுக்காரி அன்று மாலை எங்கே போனாள்?" அடியில் கோடு போடவில்லை. மறுநாள் காலை எழுதத் தொடங்கினேன்.