கொரில்லா பார்க்கக் காட்டுக்குள் போகிறவர்களுக்கு

விமான டிக்கெட்டுக்கு முன்னால் பெர்மிட் வாங்குங்கள். வரிசையை மாற்றினால் காசு போட்டு அங்கே போய்விட்டு மலையை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டிவரும். மலைக் கொரில்லாக்கள் உலகத்திலேயே ஆயிரத்துச் சொச்சம்தான், அவையும் உகாண்டாவின் பிவிண்டி காட்டுப் பக்கமும், உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கிற விருங்கா எரிமலைத் தொடரிலும் மட்டும். மனிதர்களுக்குப் பழகிய ஒரு குடும்பத்தைப் பார்க்க நாளொன்றுக்கு எட்டுப் பேர், ஒரே ஒரு மணி நேரம். பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. பெர்மிட் விலை வெளிநாட்டவருக்கு ருவாண்டாவில் 1,500 டாலர், உகாண்டாவில் 800. மழை குறைவான ஜூன், ஜூலை, ஆகஸ்டில் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

பிவிண்டிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ன்குரிங்கோ என்று நான்கு பகுதிகள், பெர்மிட் எந்தப் பகுதிக்கோ அங்கேதான் காலையில் நிற்க வேண்டும். வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், மலைப்பாதையில் மணிக்கணக்காகும். அதனால் பெர்மிட் கையில் வந்தபிறகு அறை பாருங்கள்.

நடை எவ்வளவு நேரம் என்று யாரிடமும் கேட்காதீர்கள். கொரில்லாக்கள் தினமும் சாயங்காலம் புதுசாகக் கூடு கட்டித் தூங்கும். தடம் பார்ப்பவர்கள் விடிந்ததும் முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்து கிளம்பி, அந்தக் கூட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்தொடர்ந்து, உங்களைக் கூட்டிப்போகிற ரேஞ்சருக்கு வாக்கிடாக்கியில் சொல்வார்கள். அரை மணியிலும் பார்க்கலாம், ஐந்து மணி நேரமும் ஆகலாம். முட்டி வலி இருந்தால் காலையிலேயே சொல்லிவிடுங்கள், பக்கத்தில் இருக்கிற குடும்பத்துக்கு அனுப்பப் பார்ப்பார்கள்.

பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். போட்டோவில் கேவலமாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே எறும்புகள் படை படையாகப் போகும், ஒன்று உள்ளே ஏறினாலும் நின்ற இடத்தில் ஆட வேண்டியதுதான். கைக்குத் தடிமனான தோட்ட வேலைக் கையுறை. சேற்றில் வழுக்கும்போது கை தானாக எதையாவது பிடிக்கும், பிடிப்பது பெரும்பாலும் சுணை உள்ள செடியாக இருக்கும். மழைக்கோட்டை வெயில் அடித்தாலும் எடுத்துப் போங்கள். போர்ட்டர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், இதில் கௌரவம் பார்க்க வேண்டாம். பை தூக்குவது சின்ன விஷயம், செங்குத்தான இடத்தில் பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிடுவதற்குத்தான் அவர். காட்டோரத்து ஊர்க்காரர்களுக்கு அது கூலியும்கூட.

சளி, இருமல் இருந்தால் உள்ளே விட மாட்டார்கள். நம் சாதாரண ஜலதோஷம் கொரில்லாக்களைக் கொன்றுவிடலாம். மாஸ்க்கும், ரேஞ்சர் சொல்கிற இடைவெளியும் அதற்காகத்தான். குட்டி ஒன்று தானாகக் கிட்டே வந்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள். முதுகு நரைத்த பெரிய ஆண் பாய்கிற மாதிரி வந்தால் ஓடவே கூடாது, தலையைக் குனிந்து அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். பெரும்பாலும் அது மிரட்டல்தான். சொல்வது சுலபம், சரி.

ஃபிளாஷை ஜீப்பில் இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு கேமராவை இறக்கிவிடுவது என் கட்சி. அப்போதுதான் அவை செடித்தண்டைப் பல்லால் பட்டை உரித்து உள்சோற்றை மட்டும் தின்கிற சத்தமும், தொண்டை கனைக்கிற மாதிரியான அந்தத் திருப்தி உறுமலும் காதில் விழும். ரேஞ்சர் நேரம் ஆயிற்று என்று கையைக் காட்டும்போது ஏதாவது ஒரு குட்டி மரத்திலிருந்து பொத்தென்று விழுந்து எல்லாரையும் இன்னொரு தடவை திரும்பிப் பார்க்க வைக்கும், ஆனாலும் கிளம்பித்தான் ஆக வேண்டும்.