தேரி மணலில் வண்டி புதைந்தால் செய்யக்கூடாதவை

போன வாரம் திருச்செந்தூர்ப் பக்கம் தேரி என்னும் செம்மணல் மேட்டில் ஒரு தம்பியின் மஹிந்திரா தார் வண்டி மணலில் இறங்கி நின்றது. உதவிக்கு வந்த நண்பர் தன் பொலிரோவின் பின்னால் இருந்த டோ பாலில், அதாவது அந்த இரும்பு உருண்டையில், கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் மிரண்டுவிட்டார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் செய்தேன்.

காற்றை இறக்காமல் மல்லுக்கட்டுவது

ரோட்டுக்குப் பிடித்த 30 பிஎஸ்ஐ காற்றோடு பொடிமணலில் இறங்கினால் டயர் கத்தி மாதிரி மணலை அறுக்கும். 15 முதல் 18 வரை இறக்கினால் சப்பையாகி நீளவாக்கில் படியும். ரோடு ஏறியதும் மறக்காமல் காற்றுப் பிடியுங்கள்.

சக்கரம் சும்மா சுற்றும்போது ஆக்சிலேட்டரை மிதிப்பது

காலை எடுங்கள்.

உருண்டையில் கயிறு மாட்டுவது

இதை இன்னும் யாராவது செய்தால் எனக்குப் பொறுக்காது. வண்டி மீட்கும் நைலான் கயிறு ரப்பர் போல இழுபடும். 20, 30 சதவீதம் வரை நீளும். உண்டிவில்லில் இழுத்துப் பிடித்த ரப்பருக்கு என்ன வேகமோ, அதே வேகம் இதிலும் சேர்ந்திருக்கும். உருண்டையின் கழுத்து டிரெய்லரைச் சீராக இழுக்கச் செய்தது, இந்த வெட்டு இழுப்பைத் தாங்காது. நம்மூரில் பலர் மாட்டியிருப்பதோ பின்னால் வருபவன் இடிக்காமல் இருக்க.

அன்றைக்குப் புதைந்திருந்தது மச்சானின் ஜீப். நான் முன்னால் நின்ற வண்டியில் இருந்து இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் 'டங்'கென்று ஒரு சத்தம். உருண்டை கழுத்தோடு முறிந்து, கயிற்றோடு பின்னால் பறந்து, ஜீப்பின் முன்கண்ணாடியைத் துளைத்து, இடது சீட்டின் முதுகில் புதைந்திருந்தது. எலுமிச்சம்பழம் அளவு ஓட்டை, சுற்றிலும் பிதுங்கிய மஞ்சள் ஸ்பாஞ்சு. அந்த சீட்டில் இருந்த என் தங்கை சற்று முன்புதான் தண்ணீர் கேனை எடுக்க இறங்கியிருந்தாள். ஆஸ்திரேலியாவில் இப்படி உருண்டை பறந்தே உயிர்கள் போயிருக்கின்றன.

வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு போல்ட் போட்ட, மீட்புக்கென்றே எடை குறித்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காகக் கம்பெனி வைக்கும் மெல்லிய வளையம் ஆகாது. கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்புப் பூட்டான ஷேக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். கயிற்றின் நடுவே ஈரச் சாக்கையோ கனத்த போர்வையையோ போடுங்கள். இரண்டு கயிற்றை ஷேக்கிள் வைத்து இணைக்கவே கூடாது; ஒன்று அறுந்தால் அந்த ஷேக்கிளும் குண்டுதான்.

தோண்டாமல் இழுப்பது

சக்கரத்தின் நடு வரை புதைந்தாலே வண்டியின் எடை அளவுக்கு இழுவிசை வேண்டும். வயிறு மணலில் படுத்துவிட்டால் அதைப்போல் இரண்டு மடங்கு. அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் கையை விட்டு மணலை வாருங்கள், நான்கு டயருக்கும் முன்னால் சரிவாக வெட்டுங்கள். பலகை இல்லையென்றால் பனையோலை போடலாம். மட்டையின் கருக்கைச் சீவிவிடுங்கள், காற்றிறங்கிய டயரின் பக்கவாட்டைக் கீறிவிடும்.

தம்பியின் தாரை அரை மணி நேரம் தோண்டினோம். நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் ஃபோர் லோ கியரில், முன்சக்கரங்களை நேராக வைத்து, மெல்ல நகர்த்தினார். கயிற்றுக்கு வேலையே வரவில்லை.

கயிற்றுப் பக்கம் ஆள் நிற்பது

9 மீட்டர் கயிறா? 14 மீட்டர் தள்ளிப் போகச் சொல்லுங்கள், செல்போனில் படம் பிடிப்பவரையும்.