மேக்புக் ஏர்: இப்பவே வாங்கலாமா, அடுத்த மாடல் வரட்டுமா?

2025 பிப்ரவரியில் ஆப்பிளின் சொந்த எம்3 சிப் உள்ள 13 அங்குல மேக்புக் ஏர் லேப்டாப்பின் தொடக்க விலை இந்தியாவில் 1,14,900 ரூபாய். மார்ச் 5 அன்று ஆப்பிள் எம்4 ஏரை அறிவித்தது. தொடக்க விலை 99,900. ஒரு மாதம் பொறுத்தவருக்குப் புது சிப்பும் கிடைத்தது, பதினைந்தாயிரமும் மிச்சம். எப்போது பொறுப்பது, எப்போது வாங்கிவிடுவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: உங்கள் தேவைக்கு ஒரு தேதி குறியுங்கள்

கல்லூரி திறக்கப்போகிறது, வேலையில் சேரப்போகிறீர்கள், பழைய லேப்டாப் உயிரை விட்டுவிட்டது என்றால் மேலே படிக்க வேண்டாம், வாங்கிவிடுங்கள். இருப்பது ஓரளவு ஓடுகிறது என்பவர்களுக்குத்தான் மற்ற படிகள்.

படி 2: மாடலின் வயதைப் பாருங்கள்

எம்1 ஏர் 2020 நவம்பரில் வந்தது. எம்2 2022 ஜூலையில் கடைக்கு வந்தது, எம்3 2024 மார்ச்சில், எம்4 2025 மார்ச்சில். முதல் இரண்டு இடைவெளியும் சுமார் 20 மாதம், அடுத்தது 12 மாதம்தான். அதனால் சராசரி போட்டு ஜோசியம் சொல்ல முடியாது. என் கணக்கு இது: மாடல் வந்து ஆறு மாதம் ஆகவில்லை என்றால் யோசிக்காமல் வாங்கலாம். பத்து மாதம் தாண்டிவிட்டது என்றால் அவசரம் வேண்டாம்.

படி 3: காலண்டரைப் பாருங்கள்

எம்3, எம்4 ஏர் இரண்டுமே மார்ச்சில் வந்தவை. எம்3, எம்4 மேக்புக் ப்ரோ அறிவிப்பு அக்டோபரில். ஜூனில் ஆப்பிளின் டெவலப்பர் மாநாடு; எம்2 ஏரை அங்கேதான் அறிவித்தார்கள். விண்டோஸ் லேப்டாப் தேடுபவர்கள் ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடக்கும் சிஇஎஸ் கண்காட்சியைக் கவனிக்கலாம். ஆனால் அங்கே அறிவிப்பதெல்லாம் உடனே நம் ஊர்க் கடைக்கு வந்துவிடாது, சில மாதம் ஆகும்.

படி 4: சிப்பை விட ரேமைப் பாருங்கள்

ரேம் என்பது லேப்டாப் வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 2024 அக்டோபர் இறுதியில், புது மாடல் எதுவும் விடாமலே, எம்2, எம்3 ஏரின் தொடக்க ரேமை 8 ஜிபியிலிருந்து 16 ஜிபியாக்கியது ஆப்பிள். விலை ஏறவில்லை. மேக்புக்கில் ரேமைப் பிறகு கூட்டவே முடியாது; வாங்கும்போது இருப்பதுதான் கடைசிவரை. ஆகவே "எம்3 ஆஃபர்" என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினால் பெட்டியின் மேல் 8 என்று இருக்கிறதா, 16 என்று இருக்கிறதா பாருங்கள். 8 ஜிபி ஸ்டாக் என்றால் பெரிய தள்ளுபடி இல்லாமல் தொட வேண்டாம்.

இன்டெல் சிப் உள்ள பழைய மேக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸில், 2025-இல் வந்த டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு, அதுவும் சில மாடல்களுக்கு மட்டும்.

படி 5: புதுசு வந்த அன்று பழசின் விலையைப் பாருங்கள்

காத்திருந்ததற்காகப் புது மாடலைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. எழுத்து, படிப்பு, வீடியோ பார்ப்பது மட்டும் என்றால் 16 ஜிபி உள்ள முந்தைய மாடலே தாராளம். டீலர்கள் மிச்ச ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்க்கும் நேரம் அது, பேரம் பேசுங்கள். பணம் கட்டும் முன், திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம், பெட்டியைப் பிரித்தால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.