புது உருளைக்கிழங்கு இனத்தை மலைக்குக் கொண்டுபோகுமுன்

கொழும்பிலிருந்து நுவரெலியா, வெலிமடைப் பக்கம் புது இன விதைக்கிழங்கு கொண்டுபோகிறவர்கள் எடுத்த எடுப்பில் விளைச்சலைத்தான் சொல்வார்கள். கமக்காரரின் கேள்வியோ வேறு: "இதை யார் வாங்குவான்? அடுத்த போகத்துக்கு விதை எங்கே?" இரண்டுக்கும் பதில் இல்லாமல் மலையேற வேண்டாம்.

ஆகவே வேலையைக் கொழும்பிலேயே தொடங்குங்கள். 5 கிலோ கிழங்கைப் புறக்கோட்டையிலோ பேலியகொடையிலோ ஒரு மொத்த வியாபாரியிடம் காட்டுங்கள். கிரனோலா என்ற பழகிய இனத்தின் மஞ்சள் தோலுக்குப் பழகிய கண் அது. நிறம் மாறினாலே விலையைக் குறைத்துக் கேட்கும். மிச்சத்தை ரோல்ஸ், கட்லட் போடும் கடையில் அவித்து மசிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் விடும் கிழங்கென்றால் எண்ணெயில் ரோல்ஸ் வெடிக்கும், கடைக்காரர் மறுபடி வாங்கமாட்டார்.

பிறகு பரீட்சைப் பாத்தி. பெரிய தோட்டக்காரரிடம் போடாதீர்கள். "அவருக்கென்ன, நட்டம் வந்தாலும் தாங்குவார்" என்று அயலவர் ஒதுக்கிவிடுவார்கள். அரை ஏக்கர்காரரே பொருத்தம். புது இனம் 2 பேர்ச் (ஏக்கருக்கு 160 பேர்ச்), அவர் வழக்கமாக நடுவது 2 பேர்ச். 60 சென்ரிமீற்றர் வரிசை, 25 சென்ரிமீற்றர் இடைவெளி என்றால் பேர்ச்சுக்கு ஏறக்குறைய 170 கிழங்கு, 7 கிலோ பிடிக்கும்.

சரிவில் ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் நடவே கூடாது. மழை அரித்த நல்ல மண்ணும் ஈரமும் கீழே சேர்வதால் கீழ்ப்பாத்தி எப்படியும் வெல்லும். இரண்டையும் ஒரே மட்டத்தில், பக்கம் பக்கமாக, ஒரே நாளில் நடுங்கள். முளை 1 சென்ரிமீற்றர் அளவில், குட்டையாக, தடிப்பாக இருக்கட்டும். உறக்கம் கலையாத, அதாவது இன்னும் முளைக்கத் தயாராகாத கிழங்கை நட்டால் செடி ஏறுமாறாக வரும், பழி இனத்தின் மேல் விழும்.

இலையையும் கிழங்கையும் அழுக வைக்கும் பின்வெளிறல் நோய்க்கு மருந்து அடித்த ஒவ்வொரு தடவையையும் இரண்டு பாத்திக்கும் தனித்தனியே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். புது இனத்தில் நான்கு தடவை மிச்சமானால், விளைச்சல் சமமாக இருந்தாலும் கமக்காரர் மாறுவார். மருந்தும் ஆள்கூலியும் அவர் கைக்காசு.

கிழங்கு கிண்டும் நாளுக்குப் பெண்களையும் கூப்பிடுங்கள். களை பிடுங்குவதும் கிழங்கைத் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். பெரியது, நடுத்தரம், பொடி, அழுகல் என்று அவர்கள் முன்னாலேயே நிறுங்கள். இனத்துக்கு ஒரு மூட்டையாக ஒரே லொறியில் கொழும்புக்கு அனுப்பி, தனித்தனிப் பில் வாங்கிக் கமக்காரரிடம் கொடுங்கள்.

குத்தகை நிலத்தில் ஒரே போகம் செய்கிறவரிடம் விதையைச் சேமிக்கச் சொல்வது வீண். அவருக்கு விதை எந்தத் திகதியில், என்ன விலைக்கு வரும் என்பதை நடுவதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள்.