இலையுதிர்காலத்தில் வெனிஸ்: ஓதத்தின் நேரம் பார்த்து ஊர் சுற்றுவது எப்படி?

முதல்முறை வெனிஸ் போகிறவர்கள் பலரும் கோடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் நவம்பர் என்பேன். கூட்டம் குறைந்திருக்கும், காலையில் கால்வாய்களின் மேல் மூடுபனி படிந்திருக்கும். கடல்நீர் ஊருக்குள் ஏறுவதும் இந்தப் பருவத்தில்தான் அதிகம். அதற்குப் பயந்து பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், ஓதத்தின் நேரம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரம், தெரிந்தால் போதும்.

படி 1: தங்குமிடமும் பையும்

தீவுக்குள்ளேயே அறை எடுங்கள். எதிர்க்கரை மெஸ்த்ரேயில் வாடகை குறைவுதான், ஆனால் விடியற்காலையும் இரவும் கைவிட்டுப் போகும். அந்த இரண்டு நேரமும்தான் வெனிசின் உயிர். நவம்பர் நடுவில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் கார் கிடையாது. நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டு வைத்தவை. அதனால் ஒரு கையால் தூக்கக்கூடிய பை மட்டும் போதும்.

படி 2: முதல் படகு

சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பெருங்கால்வாய். அங்கே வாப்போரெத்தோ என்னும் படகுப் பேருந்தில், 1-ஆம் எண் வழித்தடத்தில் ஏறுங்கள். அது கால்வாய் முழுவதும் நின்று நின்று போகும்; 1591-இல் கட்டி முடித்த ரியால்தோ பாலத்துக்கு அடியிலும் நுழைந்து போகும். 75 நிமிடச் சீட்டின் விலை 9.50 யூரோ. தினமும் பலமுறை ஏறுவதாக இருந்தால் நாள் கணக்குச் சீட்டு லாபம். எந்தச் சீட்டானாலும் ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் படகுத்துறையில் உள்ள கருவியில் காட்ட மறக்காதீர்கள்.

படி 3: ஓத அளவைப் படிப்பது

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இதுதான். நகராட்சியின் ஓத முன்னறிவிப்பு மையம் தினமும் அளவு வெளியிடுகிறது. அதில் '100 செ.மீ.' என்று இருந்தால் தெருவில் ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கும் என்று பொருளல்ல. 1897-இல் வைத்த ஒரு பூஜ்யப் புள்ளியிலிருந்து எண்ணுகிறார்கள். ஊரில் மிகத் தாழ்வான இடங்களில் ஒன்றான சான் மார்கோ சதுக்கமே சுமார் 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆக 100 என்றால் அங்கே கணுக்காலைத் தாண்டித் தண்ணீர் இருக்கும், மற்ற தெருக்கள் பலவும் காய்ந்தே கிடக்கும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் கூடும். அதோடு தெற்கிலிருந்து சிரோக்கோ காற்றும் சேர்ந்தால் அட்ரியாட்டிக் கடல்நீர் வெனிசைச் சூழ்ந்த காயலுக்குள் தள்ளப்படும். 2019 நவம்பர் 12 அன்று 187 செ.மீ. வரை ஏறியது அப்படிப்பட்ட ஒரு புயல் இரவில்தான். 2020 அக்டோபர் முதல், பெரிய ஓதம் வரும்போது காயலின் மூன்று வாய்களிலும் மோசே தடுப்புக் கதவுகளை எழுப்பி அடைக்கிறார்கள். சிறிய ஓதங்களுக்கு அவற்றை எழுப்புவதில்லை. அதனால் சதுக்கத்தில் அவ்வப்போது தண்ணீர் வரும்.

அது அலையடித்து வராது. தரைக்கற்களுக்கு நடுவே உள்ள வடிகால் துளைகளில் குமிழ் விடும், அப்புறம் மெல்லப் பரவும். அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். உச்சத்தைத் தொட்டபின் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அந்த நேரத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டு நடக்கலாம், அல்லது மேடான பகுதிகளுக்குப் போய்விடலாம். முக்கியப் பாதைகளில் பலகை நடைமேடை போடுவார்கள். அதில் நின்று படம் எடுக்காதீர்கள், பின்னால் வேலைக்குப் போகிறவர் காத்திருப்பார்.

கால்வாய்ப் படிகளைக் கவனியுங்கள்: பச்சைப்பாசி எதுவரை ஏறியிருக்கிறதோ, அன்றாட ஓதம் ஏறக்குறைய அதுவரை வருகிறது. பாசிப்படியில் கால் வைத்தால் வழுக்கும்.

படி 4: நவம்பர் 21

முடிந்தால் இந்தத் தேதி உள்ளே வரும்படி பயணத்தை அமையுங்கள். 1630-இல் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியபோது, நோய் நீங்கினால் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக வேண்டிக்கொண்டார்கள். பால்தசாரே லோங்கேனா வடிவமைத்த சாந்தா மரியா தெல்லா சலூதே அப்படி எழுந்தது. இன்றும் அந்த நாளில் பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் அமைக்கிறார்கள். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு அதைக் கடந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். நீங்களும் ஒன்று வாங்கிக்கொண்டு அந்த வரிசையிலேயே நடங்கள். வெளியே வந்ததும் காஸ்த்ராதினா கேளுங்கள். உப்புக்கண்ட ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் போட்ட சூப், இந்த நாட்களில்தான் கிடைக்கும்.